ராஜா கதைக்கு ஊக்கு குத்துவது எப்படி: மதுரைக் குறும்படக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் ஆழ்வார்புரம் பக்கம் நின்று பார்த்திருப்பீர்கள். சிவப்பு வெல்வெட்டில் ஜரிகை வைத்துத் தைத்த கள்ளழகர் வேடம், தோளில் தண்ணீர் நிரம்பிய தோல்பை, அதைப் பீய்ச்ச ஒரு குழல். அதே பையன் கண்ணில் கூலிங் கிளாஸ், முடியில் செம்பட்டைக் கலர், மணிக்கட்டில் ஸ்மார்ட் வாட்ச். யாரும் சிரிப்பதில்லை. 'இந்த வேஷத்துக்கு வாட்ச் எதுக்குடா?' என்று கேட்பதுமில்லை.

எங்கள் முதல் குறும்படத்திலும் ஒரு வாட்ச் இருந்தது. நாயக்கர் காலத்துக் காவல்காரன் ஈட்டியோடு நிற்பான், ஈட்டி பிடித்த கையில் கடிகாரம். எடுக்கும்போது ஒருத்தரும் கவனிக்கவில்லை, எடிட்டிங்கிலும் கவனிக்கவில்லை. திரையிட்ட அன்றைக்கு அரங்கில் இருந்த அத்தனை பேரும் கவனித்தார்கள். அழ வேண்டிய காட்சியில் விசில் பறந்தது.

இரண்டாவது படத்தில் வேண்டுமென்றே காலத்தைக் கலந்தோம். நாயக்கர் காலத்துத் திருடன், உடம்பெல்லாம் ஊக்கு, தலையில் மொஹாக் (பக்கத்தை மழித்து நடுவில் நிமிர்த்திய முடி). 1970களில் லண்டனில் கிளம்பிய பங்க் என்ற கலகப் பாட்டு, உடைப் பாணி அது. அதற்கு யாரும் தவறாகச் சிரிக்கவில்லை. அந்தப் படத்துக்கு உடை, முடி, பாட்டு எல்லாவற்றையும் எப்படித் தயார் செய்தோம் என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். கையில் காசு குறைவாக வைத்துக்கொண்டு சரித்திரப் படம் எடுக்க நினைக்கிறவர்களுக்கு இது உதவும்.

1. காலத்தை உடைப்பது யார்?

துணிக்கடைக்குப் போகும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். கதையில் யாருக்கு அந்த உரிமை?

இதற்குப் பதில் நம்ம ஊர் ஸ்பெஷல் நாடகத்திலேயே இருக்கிறது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து விடிய விடிய நடக்கும் 'வள்ளி திருமணம்' பார்த்தவர்களுக்குத் தெரியும். முருகன் கிரீடத்தோடு வருவார், நாரதர் மாலையோடு வருவார், வள்ளி ஜிமிக்கியோடு வருவாள். கோமாளியான பபூன் மட்டும் பேன்ட் சட்டையில் வந்து நிற்பார். பெட்ரோல் விலை பேசுவார், நேற்று வந்த சினிமாப் பாட்டைப் பாடுவார். அந்த மேடையில் காலத்தைத் தாண்டிக் குதிக்கிற உரிமை அவருக்கு மட்டும்தான். முருகனும் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தால் நாடகம் கலைந்துவிடும்.

வெளிநாட்டுப் படங்களில் நன்றாக அமைந்தவையும் இதே கணக்கில்தான் அமைந்திருக்கின்றன. சோஃபியா கொப்போலாவின் 'மரி ஆன்ட்வானெட்' (2006) படத்தில், 18ஆம் நூற்றாண்டு ராணியின் பட்டுச் செருப்புக் குவியலுக்கு நடுவே ஒரு ஜோடி கான்வர்ஸ் கேன்வாஸ் ஷூ சட்டென்று வந்து போகும். அரண்மனைச் சடங்கு நடக்கும் இடத்தில் அது வராது. அந்தப் பெண் தோழிகளோடு துணியும் செருப்பும் கேக்குமாக ஆட்டம் போடுகிற இடத்தில் வரும். பதினாலு வயதில் கட்டிக்கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளையின் ஷூ அது. 'எ நைட்ஸ் டேல்' (2001) படத்தில் 14ஆம் நூற்றாண்டு ஜனங்கள், ஈட்டிச் சண்டை பார்க்க உட்கார்ந்த இடத்தில் குயீன் குழுவின் 1977 பாட்டுக்குக் கை தட்டுவார்கள். உரிமை அங்கே கேலரிக்காரர்களுடையது. ஆடுகளத்தில் அலங்காநல்லூர்க் கூட்டம் விசில் அடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'மரி ஆன்ட்வானெட்' வந்த அதே 2006இல் நம்ம ஊர்க்காரர் வடிவேலு நடித்த 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' வந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பாளையத்தில் குளிர்பானக் கம்பெனி வந்து கடை விரிக்கும், ராஜாவே விளம்பரத்துக்கு நிற்பார். முட்டாள் ராஜாவின் ஆட்சி என்பதால் அங்கே எதுவும் நடக்கலாம். இரண்டு படமும் ஒரே வருடத்தில் வந்தது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாக இருக்கிறது.

ஆக, ஒரு தாளில் எல்லாப் பாத்திரங்களின் பெயரையும் எழுதி, காலத்தை உடைக்கிற ஆளை மட்டும் வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களின் உடையில் ஒரு ஜிப்கூட இருக்கக் கூடாது. எங்கள் காவல்காரன் சறுக்கியது அங்கேதான். அவன் வட்டத்துக்கு வெளியே நின்றவன்.

2. கதையை உள்ளூரில் தேடுங்கள்

திருமலை நாயக்கர் மகாலில் வழிகாட்டிகள் சொல்லும் ஒரு கதை உண்டு. ஒரு திருடன் கூரையில் ஓட்டை போட்டு, சங்கிலி வழியாக இறங்கி நகைகளைக் கொண்டுபோய்விட்டான். நகையைத் திருப்பிக் கொடுத்தால் ஜாகீர் (நில மானியம்) தருவதாக ராஜா அறிவித்தார். அவன் வந்தான், சொன்னபடி ஜாகீரும் கொடுத்து, கையோடு தலையையும் எடுத்துவிட்டார்கள். நடந்ததோ கட்டியதோ, பங்க் மனசுக்கு இதைவிட ஒரு கதை வேண்டுமா? அரண்மனை கட்டியவன் பெயர் பலகையில் இருக்கிறது, அதில் ஓட்டை போட்டவனுக்குப் பெயரே இல்லை.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். திருடனுக்கு எந்தச் சாதி அடையாளமும் கொடுக்காதீர்கள், பெயரிலும் வேண்டாம், பேச்சிலும் வேண்டாம். சாமி வேடத்துத் துணியை, குறிப்பாக அழகர், கருப்பு வேடங்களைக் கிழித்துத் தைக்காதீர்கள். விரதம் இருந்து கட்டுகிற துணி அது. பங்க் என்றால் அதிகாரத்தைச் சீண்டுவது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் நேர்த்திக்கடனைச் சீண்டுவதை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

3. உடைப்பதற்கு முன் அசலைப் பார்க்க வேண்டும்

நம் மனதில் இருக்கும் ராஜா உடை பெரும்பாலும் நாடகக் கம்பெனியிலிருந்தும் காலண்டரிலிருந்தும் வந்தது. நீல வெல்வெட், ஜமிக்கி, பின்னால் ஒரு மேலங்கி. நாயக்கர் எப்படி இருந்தார் என்று பார்க்க வேண்டுமானால் மீனாட்சியம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபத்துத் தூண்களைப் பாருங்கள். திருமலை நாயக்கரும் (ஆட்சி 1623–1659) அவருக்கு முன்னால் ஆண்டவர்களும் ஆள் உயரச் சிலையாக நிற்கிறார்கள். தொந்தியை மறைக்காத சிற்பி வாழ்க. இடுப்புத் துணியின் மடிப்பு, அதில் ஓடும் பூவேலை, செருகிய கத்தி, காது, கை, கழுத்து நகை என்று ஒவ்வொன்றாக வரைந்து வாருங்கள். பொற்றாமரைக் குளத்தருகே ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் ராணி மங்கம்மாள் இடம்பெறும் ஓவியம் இருக்கிறது. கோவிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்பதால் அண்ணாந்து பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு, வெளியே வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து வரையுங்கள். எங்களில் நாலு பேர் வரைந்தோம். நாலும் நாலு மாதிரி இருந்தது. நாலிலும் பொதுவாக இருந்ததை எடுத்துக்கொண்டோம்.

அசல் என்று நாம் பிடித்துக்கொண்டிருப்பதும் கலப்புதான் என்பது தேடும்போது தெரியும். நாயக்கர்கள் விஜயநகரத்திலிருந்து வந்தவர்கள். விஜயநகர அரசவையில் கௌரவமான உடை என்றால் உயரமான கூம்புக் குல்லாயும் 'கபாயி' என்ற நீள அங்கியும். இரண்டுமே இஸ்லாமிய உலகத்து அரசவைப் பாணி. இந்து ராஜா, துருக்கிய பாணி அங்கி, அதற்கு மேல் நம்ம ஊர் நகை. 'அந்தக் காலத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது' என்று படத்தைப் பார்த்துச் சண்டைக்கு வருகிறவரிடம் இதைச் சொல்லலாம். ஒப்புக்கொள்வார் என்று உத்தரவாதம் இல்லை.

4. பங்க் எங்கிருந்து வந்தது?

1970களின் நடுவில் லண்டனில் கிங்ஸ் ரோடு 430ஆம் எண் கடை. விவியன் வெஸ்ட்வுட் தைத்தார், மால்கம் மெக்லாரன் விற்றார், பாட்டுக்குழுக்களையும் நடத்தினார். வேலை கிடைக்காத பிள்ளைகள் கிழிந்த சட்டையை மறைக்காமல் ஊக்கால் இணைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணி, இரும்புக் குமிழ், நாய்க்குக் கட்டுகிற பட்டை என்று கண்ணில் பட்டதெல்லாம் உடம்பில் ஏறியது.

சரித்திர உடைக்கும் பங்க்குக்கும் அப்போதே சம்பந்தம் விழுந்துவிட்டது. 1981இல் வெஸ்ட்வுட் பழைய கடற்கொள்ளையர் உடைகளைப் பார்த்துத் தைத்த 'பைரேட்' வரிசை வந்தது. மெக்லாரன் நடத்திய 'பௌ வௌ வௌ' குழு அந்த உடையில் மேடை ஏறியது. இருபத்தைந்து வருடம் கழித்து, மேலே சொன்ன ராணி படத்தில் அந்தச் செருப்புக் காட்சிக்குப் பின்னால் ஓடுகிற பாட்டு அதே குழு பாடியதுதான். கொப்போலா போகிற போக்கில் எடுத்துப் போட்ட பாட்டு இல்லை அது.

ஊக்கை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வால்டர் ஹன்ட் என்ற அமெரிக்கர் 1849இல் உரிமம் வாங்கிய பொருள். நாயக்கர் காலத்தில் கிடையாது. ஆனால் நம் வீட்டில் அது இல்லாத இடம் உண்டா? என் அம்மாவின் தாலிக்கொடியில் எப்போதும் மூன்று ஊக்கு தொங்கும். பஸ்ஸில் யாருக்காவது செருப்பு வார் அறுந்தால் ஒன்று கழன்று போகும், சாயங்காலத்துக்குள் இன்னொன்று வந்து சேர்ந்துவிடும். லண்டன் பையன் காதில் குத்தியதும் அம்மா கொடியில் மாட்டியதும் ஒரே சாமான். படத்தில் திருடனின் தாய் தன் கழுத்துக் கயிற்றிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி அவன் கிழிந்த தோளில் குத்திவிடுவாள். படம் முழுக்க அவன் உடம்பில் சேரும் ஊக்குகளுக்கு அதுதான் தொடக்கம். 'ஊக்கு எப்படி வந்தது?' என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

5. கடைவீதி

காலை பத்தரைக்கு விளக்குத்தூணில் ஆரம்பியுங்கள், கூட்டம் சேர்வதற்கு முன்னால். பத்துத்தூண் சந்துக்குள் கண்டிப்பாக நடந்து போங்கள். நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய கல்தூண்கள் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்து நிற்கும். காலக் கலப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லிப் புரியாததை ஒளிப்பதிவாளர் அங்கே நின்ற இரண்டு நிமிடத்தில் புரிந்துகொண்டார்.

நிறத்தை முதலில் முடிவு செய்யுங்கள். 'மரி ஆன்ட்வானெட்'டுக்கு உடை வடிவமைத்து ஆஸ்கர் வாங்கிய மிலேனா கனோனெரோவிடம் இயக்குநர் ஒரு பெட்டி மக்கரோன் இனிப்பைக் கொடுத்து, இந்த நிறங்கள்தான் வேண்டும் என்றாராம். நாங்கள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போனோம். அரண்மனை ஆட்களுக்கு மல்லிகை வெள்ளையும் கனகாம்பர நிறமும். திருடனுக்கு மரிக்கொழுந்தின் கரும்பச்சையும், வாடிய கோழிக்கொண்டையின் ரத்தச் சிவப்பும். மொத்தம் நாலே நிறம், ஐந்தாவதை யார் கேட்டாலும் கொடுக்கவில்லை.

திருடனின் அங்கிக்கு நாங்கள் வாங்கியவை:

— காடாத் துணி 4 மீட்டர். முழங்கால் வரை வரும் அங்கிக்கு 3 மீட்டர் போதும். மிச்சம் சாயம் பார்க்கவும் கிழித்துப் பார்க்கவும்.
— கட்டம் போட்ட கைலி ஒன்று. லண்டன்காரர்களின் ஸ்காட்லாந்துக் கட்டத்துக்கு நம்ம பதில் இதுதான். பெரிய கட்டமாக எடுங்கள். பொடிக் கட்டம் கேமராவில் அலை அலையாக நெளியும்.
— பழைய ஜீன்ஸ் ஒன்று. 'தி ஃபேவரிட்' (2018) படத்தில் 18ஆம் நூற்றாண்டு அரண்மனைச் சமையல்கட்டு ஆட்களுக்கு உடை வடிவமைப்பாளர் சாண்டி பவல் பழைய ஜீன்ஸ் துணியிலிருந்தே உடை தைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் உழைக்கிறவனின் முரட்டுத் துணி, கிட்டத்தில் பார்த்தால் நம் காலம்.
— ஊக்கு பன்னிரண்டு டஜன். பித்தளை நிறத்தில் வாங்குங்கள். வெள்ளி நிறம் விளக்கு வெளிச்சத்தில் பல் இளிக்கும்.
— டிச் பட்டன் இரண்டு அட்டை. இரும்புக் குமிழுக்குப் பதில். எடையும் இல்லை, விலையும் இல்லை.

தையலுக்குக் குன்னத்தூர் சத்திரம். புது மண்டபத்துக்குள் தலைமுறையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்களும் கடைக்காரர்களும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். அழகர் வேடம், சாமி உடை, தேர்ச்சீலை எல்லாம் தைத்த கைகள். வெல்வெட்டில் ஜரிகை எந்தப் பக்கம் இழுக்கும் என்று நீங்கள் யோசிக்கும் முன்பே அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் 'கிழிந்த மாதிரி தைத்துக் கொடுங்கள்' என்று சொல்வது லேசு இல்லை. நாங்கள் போன பாய்க்கு எழுபது வயது இருக்கும்.

"கிழிஞ்சத தைக்கத்தான் தம்பி எங்கிட்ட வருவாக. நீங்க என்ன, தைச்சத கிழிக்கச் சொல்றீக?"

"இல்ல பாய், படத்துக்கு. திருடன் வேசம்."

"திருடன்னா ஒழுங்கா உடுத்தியிருப்பான்ல. மாட்டிக்கிறக் கூடாதுல்ல அவன்?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அந்த ஒரு கேள்வியால் அங்கியின் அமைப்பையே மாற்றினோம். முன்பக்கம் ஒழுங்கான நாயக்கர் கால அங்கி, மார்பின் மேல் மடித்து நாடாவால் கட்டுவது. முதுகுப் பக்கம் முழுக்க கைலிக் கட்டமும் ஜீன்ஸும் ஊக்கும். சபையில் ராஜாவைப் பார்த்து நிற்கும்போது நல்ல பிள்ளை. திரும்பினால்தான் ஆள் யாரென்று தெரியும். தலை போகிற காட்சியை முதுகுப் பக்கமிருந்து எடுத்ததும் இதனால்தான்.

தைக்கிற வரிசை: முதலில் முழு அங்கியையும் நல்லபடியாகத் தைத்துவிட வேண்டும். பிறகு முதுகுத் துண்டை மட்டும் பிரித்து, கிழித்து, உள்ளே கைலித் துணியை ஒட்டுப் போட்டு, கிழிசலின் இரண்டு ஓரத்தையும் ஊக்கால் இழுத்துப் பிடிக்க வேண்டும். கிழிக்கும்போது கத்தரிக்கோல் வேண்டாம். ஓரத்தில் சின்னதாக வெட்டிவிட்டுக் கையால் இழுங்கள், நூல் பிசிர் இயல்பாக நிற்கும். உள்பக்கம் பழைய பனியன் துணியில் ஒரு லைனிங் அவசியம். நாங்கள் முதல் நாள் அதை வைக்கவில்லை. மதிலேறும் காட்சி முடிந்து நடிகன் முதுகைக் காட்டினான், மூன்று இடத்தில் ரத்தம். டிடி ஊசி போட்டுக்கொண்டு வந்து மறுநாள் நடித்தான்.

6. புதுசைப் பழசாக்குவது

காடாத் துணியைக் கஞ்சி போக இரண்டு தடவை அலசி, கொதிக்கிற டீத்தூள் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். அதன் மேல்தான் சாயம். காய்ந்ததும் தோள், முழங்கை, பின்பக்கம் மூன்றையும் உப்புத்தாளால் தேயுங்கள். மனுசன் எங்கே உராய்கிறானோ அங்கேதான் துணி நையும், மார்பில் தேய்த்தால் பொய் தெரிந்துவிடும். பிறகு நடிகனிடமே கொடுத்து இரண்டு நாள் வீட்டில் போட்டுத் திரியச் சொல்லுங்கள். அவன் அம்மா துவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதுவும் நடந்தது.

அரண்மனை ஆட்களுக்கு இது எதுவும் வேண்டாம். வாடகை வெல்வெட் போதும், ஆனால் நேர் வெளிச்சம் பட்டால் பிளாஸ்டிக் மாதிரி பளபளக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள்.

7. குடுமியை மொஹாக் ஆக்குவது

அந்தக் காலத்து ஆண்கள் முன் தலையை மழித்துக் குடுமி வைத்தவர்கள். பக்கத்தை மழித்து நடுவில் மட்டும் விட்டு நிமிர்த்தினால் மொஹாக். இரண்டுக்கும் நடுவில் அரை அங்குலம்தான் வித்தியாசம், சலூன்காரருக்கு விளக்கினால் சிரித்துக்கொண்டே செய்துவிடுவார். படத்தில் பகலில் அது முடிந்த குடுமி, இரவில் அவிழ்ந்து நிமிரும்.

நிமிர்த்த லண்டன் பிள்ளைகள் சோப்பும் சர்க்கரைத் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டார்கள். மகாலின் சுதைப் பூச்சிலும் வெள்ளைக்கரு கலந்தார்கள் என்று சொல்வார்கள், அதனால் ஆசையாக அதையே தேர்ந்தெடுத்தோம். நான்கு முட்டையின் வெள்ளைக்கரு, நுரை வராமல் கலக்கி, சீப்பால் அடியிலிருந்து நுனிக்குத் தடவி, ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்துக் காயவிட வேண்டும். சூடு காட்டினால் வெந்துவிடும், வெள்ளை வெள்ளையாக உதிரும். சுவர் மாதிரி நின்றது. ஆனால் மே மாதம், பகல் பதினொரு மணி, ஈ. ஒலிப்பதிவில் ஈயின் ரீங்காரம்தான் அதிகம். இரவுக் காட்சிக்கு மட்டும் முட்டை, பகலுக்குக் கடையில் விற்கும் ஜெல் என்று மாற்றிக்கொண்டோம். சர்க்கரைத் தண்ணீரைத் தொடவே வேண்டாம், எறும்பு.

8. பாட்டு

வெளிநாட்டு பங்க் பாட்டை எடுத்துப் போட்டால் காணொளியை முடக்கிவிடுவார்கள். உரிமை வாங்க நம்மிடம் காசு இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானவர். எழுதியவர் இறந்து 60 வருடம் கழிந்தால் பாட்டு பொதுவுடைமை என்பது நம் நாட்டுச் சட்டம், அதனால் அவர் பாடல்களைத் தாராளமாகப் பாடலாம். ஆனால் இன்னொருவர் பாடிப் பதிந்த ஒலியை எடுக்கக் கூடாது, புதிதாகப் பாடிப் பதிய வேண்டும்.

நாங்கள் நையாண்டி மேளக்காரர்களைக் கூப்பிட்டோம். தவில், பம்பை, உறுமி. கூட ஒரு கிடாரில் கரகரப்பைக் கூட்டி, மூன்றே கார்டு (சேர்த்து மீட்டும் சுரக் கூட்டு). பங்க் பாட்டு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தலைதெறிக்க ஓடி முடியும். மேளக்காரருக்கு அது ஒரு வேகமே இல்லை. "இன்னும் கூட்டவா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், கிடார்க்காரன்தான் மூச்சு வாங்கினான். சம்பளத்தை அன்றைக்கே கையில் கொடுத்து, ஒலியைப் படத்தில் பயன்படுத்த எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

9. எடுக்கும் நாள்

மகால், சமணர் மலை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். எங்களுக்குத் திருமங்கலம் பக்கம் ஒரு பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு போதுமானதாக இருந்தது. ஒரு தூண், ஒரு மாடம், மிச்சமெல்லாம் இருட்டு.

செட்டில் ஒருத்தருக்கு ஒரே வேலை கொடுங்கள்: ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் வட்டத்துக்கு வெளியே உள்ளவர்களைத் தடவிப் பார்ப்பது. வாட்ச், ரப்பர் பேண்ட், செல்போன், ஜட்டி எலாஸ்டிக், அம்மைத் தழும்பு மாதிரி தெரிகிற தடுப்பூசித் தழும்பு. தண்ணீர் பாட்டில் கேமராவுக்குப் பின்னால் மட்டும்.

வட்டத்துக்கு உள்ளே இருப்பதை மட்டும் ஒளிக்காதீர்கள். ஊக்கை ஃபிரேமின் ஓரத்தில் அரைகுறையாகக் காட்டினால் தப்பு என்றுதான் நினைப்பார்கள். முதல் நிமிடத்துக்குள் ஃபிரேமின் நடுவில், முகத்துக்கு இணையாக ஒரு முறை காட்டிவிடுங்கள். பார்க்கிறவர் அதை ஏற்றுக்கொண்ட பிறகு எங்கே வந்தாலும் கேள்வி வராது. ஊக்கை எண்ணி எழுதி வைப்பதும் அவசியம். எங்கள் திருடன் முதுகில் ஒரு ஷாட்டில் முப்பத்தொன்று, அடுத்த ஷாட்டில் இருபத்தெட்டு. கூர்ந்து பார்த்தால் இன்றைக்கும் தெரியும்.

படம் முடிந்து பாய்க்குப் போனில் போட்டுக் காட்டினோம். பன்னிரண்டு நிமிடமும் கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு பேசாமல் பார்த்தார். முடிந்ததும் அங்கியை வாங்கி முதுகைத் திருப்பி, ஒட்டுத் துணியின் கீழ் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இந்த இடத்துல தையல் விட்டுப்போச்சு பாத்தீகளா? வச்சுட்டுப் போங்க, நாளைக்குச் சரி பண்ணித் தர்றேன்."